தனித் தட்டு

அன்பு மகனே,

சலாம் சொல்லித் தொடங்குகிறேன். உன் கடிதம் வியாழக்கிழமை பகல் கடைக்கு வந்து சேர்ந்தது. தபால்காரர் வெளிநாட்டு ஸ்டாம்பைப் பார்த்துவிட்டு, "பாய், புள்ளை நெறைய எழுதியிருக்கு போல, கனமா இருக்குங்க" என்று சொல்லிக் கையில் கொடுத்தார். கவுண்டருக்குப் பின்னால் நின்றபடியே படித்தேன். மூன்றரைப் பக்கம் வரை எனக்குச் சிரிப்பும் பெருமையுமாக இருந்தது. கடைசி ஐந்து வரியைப் படித்ததும் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டேன். திருவேட்டக்குடியிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா காய்ச்சல் மாத்திரை கேட்டு மூன்று தடவை கூப்பிட்டாராம், எனக்குக் காதில் விழவில்லை. அன்று கடையைச் சீக்கிரமே பூட்டிவிட்டேன். அதற்குப் பிறகு உனக்கு நான்கு பதில் எழுதி நான்கையும் கிழித்தேன். இது ஐந்தாவது. இதைக் கிழிப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நீளமாகத்தான் இருக்கும், வாப்பாவுக்காகப் பொறுத்துக்கொள். ஒட்டுவதற்கு முன்னால் உன் தங்கச்சியிடமும் படிக்கக் கொடுப்பேன். நீ கட்டப்போகிற பெண் ஒருநாள் இதைப் படித்தாலும் எனக்குச் சம்மதமே.

முதலில் உன் மூன்றரைப் பக்கத்துக்கு வருகிறேன். நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில், நோயாளியின் வயிற்றுக்குள் குழாய் விட்டு எடுத்த துளித் தசையிலிருந்து அந்த வளைந்த கிருமியை உன் கையாலேயே வளர்த்ததாக எழுதியிருந்தாய். வயிற்றுப் புண்ணுக்குக் காரம் காரணமில்லை, கவலை காரணமில்லை, பெரும்பாலும் இந்தக் கிருமிதான் என்று பெரிய டாக்டர்களே ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டு வருகிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். அதைவிட எனக்குப் புதிதாக இருந்தது அடுத்த விஷயம். கிருமி இருக்கிறவர்களுக்கெல்லாம் புண் வருவதில்லை. பெயர் ஒன்று, பார்க்க உருவமும் ஒன்று, ஆனால் உள்ளுக்குள் ரகம் வேறு. ஒரு ரகம் விஷம் கக்கி வயிற்றுச் சுவரை அரிக்கும். இன்னொரு ரகம் ஒரு மனிதனின் வயிற்றில் அறுபது வருஷம் வாடகை கொடுக்காமல் குடியிருந்துவிட்டு, அவனோடு சேர்ந்து கபர்க் குழிக்குப் போய்விடும். நம் தெருவில் முன்பு சுல்தான் என்ற ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தது உனக்கு நினைவிருக்கும். ஒருவர் இருக்கிற இடம் தெரியாது. ஒருவர் வாய்ச் சண்டையோடு நிறுத்திக்கொள்வார். மூன்றாமவர் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அந்தக் குடும்பம் இரண்டாகாமல் வெளியே வரமாட்டார். நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன், சரிதானா என்று நீ சொல்ல வேண்டும்.

போன விடுப்பில் வந்தபோது கூடத்தில் என்னை உட்கார வைத்துக் கையில் ரப்பர் கயிறு கட்டி ரத்தம் எடுத்தாயே, அன்று உன்னைக் கேலி செய்தேன். "முப்பது வருஷமா நான் ஊருக்கு ஊசி வித்தேன், இப்ப என் புள்ளை எனக்கே குத்துறான்" என்றேன். உன் ரத்தத்தையும் தங்கச்சியை விட்டு எடுக்கச் சொன்னாய், அவள் பயந்துபோய் ஓடிவிட்டாள், கடைசியில் நான்தான் உனக்கு எடுத்தேன். இரண்டையும் ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்து எடுத்துக்கொண்டு போனாய். அந்தச் சோதனையின் முடிவை இந்தக் கடிதத்தில், ஏதோ பரீட்சையில் இரண்டு பேரும் பாஸ் செய்த மாதிரி எழுதியிருக்கிறாய். எனக்கும் இருக்கிறது, உனக்கும் இருக்கிறது. சின்ன வயதிலேயே, ஒரே வீட்டில் ஒன்றாகப் புழங்கும்போது வருவதாகத்தான் நினைக்கிறார்கள் என்றும், நம் ஊர்ப் பக்கம் சோதித்தால் இல்லாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கும் என்றும் எழுதியிருக்கிறாய். எனக்கு இந்த வயது வரை ஒருநாள்கூட வயிறு வலித்ததில்லை. மிளகாயைக் கடித்துக்கொண்டு பழைய சோறு தின்கிற ஆள் நான். எவருடைய வயிற்றில் எந்த ரகம் என்பதை ரத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது, உம்மாவின் வயிற்றில் இருந்தது எந்த ரகம் என்று இனி எவருக்கும் தெரியப்போவதில்லை என்றும் ஒரு வரி எழுதியிருந்தாய். அந்த வரியை இன்னொரு தடவை படித்துவிட்டுத்தான் மேலே போனேன்.

பிறகு அந்த ஐந்து வரி வந்தது. பெண்ணுக்கு அடிக்கடி வயிற்று வலி வருகிறதென்று தங்கச்சி எழுதியதாகச் சொல்லியிருந்தாய். பெண் வீட்டில் இதை நம்மிடம் சொல்லாதது சரியில்லை, நிக்காஹுக்கு முன்னால் அவளைச் சோதிக்கச் சொல்லுங்கள், மருந்து முடியும்வரை தேதியைத் தள்ளினாலும் பரவாயில்லை, தள்ள முடியாவிட்டால் விருந்தில் பெண்களோடு சேர்ந்து உண்ணும் சஹனில் உட்கார வேண்டாம், நம் வீட்டுக்கு வந்த பிறகும் கொஞ்ச நாளைக்கு அவளுக்குத் தனித் தட்டு வைத்துவிடலாம். இதுதான் நீ எழுதியது. கோபமாக எழுதவில்லை, லேபில் சீட்டு எழுதுகிற மாதிரி எழுதியிருக்கிறாய். தனித் தட்டு என்பதை நீ எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை மகனே. நம் வீட்டில் படித்தாய். அதை உனக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். எப்படிக் கற்றுக்கொடுத்தேன் என்பது உனக்குத் தெரியாது. மூன்று வருஷமாகச் சொல்லாமல் மறைத்ததைத்தான் இப்போது எழுதப்போகிறேன்.

உன் உம்மாவுக்கு வலி தொடங்கியது எமர்ஜென்சி வந்த வருஷம், உன் தங்கச்சி பிறந்த பிறகு. நீ அப்போது ஆரம்பப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். அம்மியில் அரைத்துக்கொண்டே இருப்பவள் திடீரென்று நிறுத்திவிட்டு, அம்மிக் குழவியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்துவிடுவாள். பசி நேரத்தில்தான் அதிகம் வரும். எதையாவது தின்றால் கொஞ்சம் அடங்கும். அதனால் முந்தானையில் எப்போதும் இரண்டு ரஸ்க் முடிந்து வைத்திருப்பாள். உனக்கு அந்த ரஸ்க் நினைவிருக்கும், பாதியை நீதான் பிடுங்கித் தின்பாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? "தின்னா போயிடுற வலி ஒரு வலியா? திங்கிறதுக்குன்னே வருது போல ஒனக்கு" என்று வந்தவர்கள் முன்னால் சொல்லிச் சிரித்தேன். அவளும் சேர்ந்து சிரித்தாள். அன்றைக்கு டாக்டர்கள் சொன்னது கவலையும் காரமும்தான். கடையிலிருந்து வெள்ளை மருந்து பாட்டில் பாட்டிலாக எடுத்துவந்து கொடுத்தேன், கொடுக்கும்போதெல்லாம் கூடவே ஒரு திட்டும் கொடுத்தேன். அவளுடைய தம்பி கப்பலுக்குப் போய்விட்டு நான்கு மாதம் கடிதம் போடாமல் இருந்தபோது வலி அதிகமானது. "ஒன் கவலைதான் ஒன் வயித்த திங்குது. கவலைப்படாம இருக்கத் தெரியலன்னா மருந்து என்ன செய்யும்?" என்றேன். கவலைப்படுகிறோமே என்ற கவலையும் அதற்குப் பிறகு அவளோடு சேர்ந்துகொண்டது.

கடையில் நின்று நான் எத்தனையோ வயிறுகளைப் பார்த்தவன். வரிச்சிக்குடியில் ஒரு வீட்டு அண்ணன் தம்பி இருவரும் நம் கடைக்கு வருவார்கள். ஒரே வயலில் வேலை, ஒரே பானைக் கஞ்சி. அண்ணன் மாதம் தவறாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவான், தம்பி அவனைச் சைக்கிளில் வைத்து ஓட்டிக்கொண்டு வருவான். தம்பிக்கு ஒன்றும் கிடையாது. அண்ணன் அதிகம் கவலைப்படுகிற ஆள் போலிருக்கிறது என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். உண்மையில் தம்பிதான் வாய் ஓயாமல் புலம்புவான். கண்ணெதிரே இருந்தும் எனக்கு அது உறைக்கவில்லை.

நம் வீட்டு வெள்ளிக்கிழமைகளை நீ மறந்திருக்கமாட்டாய். ஜும்ஆ தொழுதுவிட்டு நான் வந்ததும் ஈயம் பூசிய அந்தப் பெரிய சஹனைக் கூடத்துப் பாயில் வைத்து, சோற்றைக் கொட்டி, நடுவில் குழி செய்து ஆணத்தை ஊற்றுவாள். நாலு பேரும் சுற்றி உட்காருவோம். அவரவர் பக்கத்திலிருந்து அவரவர் எடுத்துச் சாப்பிட வேண்டும், அடுத்தவர் பக்கம் கை போகக்கூடாது. இது எல்லோருக்கும் உள்ள சட்டம், அவளுக்கு மட்டும் கிடையாது. தன் பக்கத்து மீன் துண்டை முள் எடுத்துவிட்டு உன் பக்கம் தள்ளுவாள், தங்கச்சி பக்கம் தள்ளுவாள், நான் பார்க்காதபோது என் பக்கமும் தள்ளுவாள். கடைசியில் அவள் பக்கத்தில் முள் மட்டும் கிடக்கும். முதல் கவளத்தை எப்போதும் உனக்கு ஊட்டிவிட்டுத்தான் தன் வாயில் வைப்பாள். மேல்நிலைப் பள்ளிக்குப் போன பிறகும் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பாய்.

நீ பாண்டிச்சேரியில் லேப் படிப்புக்குச் சேர்ந்து விடுதிக்குப் போன வருஷம், ஒரு மருந்துக் கம்பெனி ரெப் கடைக்கு வந்தார். புதிதாக ஒரு மாத்திரை, வழவழப்பான ஒரு விளம்பரத் தாள். "பாய், வயித்துப் புண்ணு கிருமியால வருதுங்கிறாங்க. வெளிநாட்டுல ஒரு டாக்டர் நம்பாதவங்களுக்குக் காட்டுறதுக்காக அந்தக் கிருமியத் தானே குடிச்சாராம்! வயிறு புண்ணாயிடுச்சாம்!" என்றார். எனக்கு அது பெரிய புதையலாக இருந்தது. ஊரில் பாதிப் பேருக்கு நான்தான் டாக்டர் என்ற நினைப்பு உள்ளவன் அல்லவா? பெரிய டாக்டர்களுக்கே தெரியாத விஷயம் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அந்த வாரம் முழுக்கக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் கிருமி குடித்த டாக்டர் கதையைச் சொன்னேன். தாளின் முன்பக்கத்தைப் படித்திருந்தேன். கிருமி ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவக்கூடும் என்று இருந்தது. இந்த மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்றும் இருந்தது. பின்பக்கம் பொடி எழுத்து. அதை நான் திருப்பவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை தொழுதுவிட்டு வரும்போது பாத்திரக்கடையில் ஏறி, நீலக் கரை போட்ட ஒரு எனாமல் தட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். சஹன் வைத்தாகிவிட்டது. உன் தங்கச்சி உட்கார்ந்துவிட்டாள். உம்மா உட்காரப் போனபோது தட்டை அவள் முன்னால் வைத்தேன்.

"இனிமே ஒனக்கு இதுதான். இதுல போட்டுத் தனியா சாப்பிடு."

"ஏங்க? நான் என்ன செஞ்சேன்?"

"நீ ஒண்ணும் செய்யல. ஒன் வயித்துல இருக்கிற கிருமி செய்யுது. சஹன்ல கை வச்சியன்னா புள்ளைக்கு ஒட்டிக்கும்."

அவள் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கழுவிவிட்டு வந்த கை, விரலில் ஈரம்கூடக் காயவில்லை. "இத்தன வருஷமா இந்தக் கையாலதானேங்க ஊட்டினேன்" என்று மட்டும் கேட்டாள், அதுவும் என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அன்று அவள் சாப்பிட்டாளா என்று எனக்குத் தெரியாது. போய்ப் பார்க்கவில்லை. நல்ல காரியம் செய்துவிட்டோம் என்ற திருப்தியோடு நான் சாப்பிட்டேன். அந்தச் சோறு எனக்கு ருசியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது?

நான் ஒன்று சொன்னால் அவள் பத்தாகச் செய்வாள், அதுதான் அவளிடம் இருந்த தொல்லை. தட்டுதான் நான் சொன்னது. டம்ளரைத் தனியாக்கியது அவள். தட்டையும் டம்ளரையும் வெந்நீரில் தனியாகக் கழுவிச் சன்னலில் கவிழ்த்தது அவள். ஆணத்தில் உப்புப் பார்ப்பதை விட்டாள். அதனால் சில நாள் உப்பு கூடும், சில நாள் குறையும், அதற்கும் நான் சத்தம் போட்டேன். தங்கச்சி தூங்கும்போது அவள் கன்னத்தில் முத்தமிடுவதைக்கூட விட்டுவிட்டாள். புருஷன் மருந்துக்கடைக்காரன், படித்தவன், அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினாள். என் பேச்சை என்னைவிட அதிகமாக நம்பியவள் அவள் ஒருத்திதான்.

நீ முதல் விடுமுறைக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? விடுதிச் சாப்பாட்டைத் திட்டிக்கொண்டே பாயில் உட்கார்ந்து, வழக்கம்போல வாயைத் திறந்தாய். "உம்மா, மொதக் கவளம்." அவள் கை சோற்றுக்குப் போய் அப்படியே நின்றது. என்னைப் பார்த்தாள். நான் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "மீசை மொளச்ச புள்ளைக்கு என்னடா ஊட்டு? ஒனக்குக் கையி இல்லையா?" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். நீயும் சிரித்தாய், பிறகு உன் முகம் வாடிவிட்டது. அவள் ஏன் தனியாகச் சாப்பிடுகிறாள் என்று நீ கேட்டபோது, "எனக்குக் காரமில்லாம வேணும்டா, நானாத்தான் பிரிச்சிக்கிட்டேன்" என்றாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த எந்த விடுமுறையிலும் நீ வாயைத் திறந்து உட்காரவில்லை.

இனி சொல்லப்போவது இதைவிடக் கனமானது. அந்த ரெப் கொடுத்த மாத்திரையை அவளுக்கு ஆரம்பித்தேன். மாத்திரை ஒன்றுதான், கூடக் கொடுக்க வேண்டியதாக நீ இப்போது எழுதுகிற கிருமி மருந்துகள் எதுவும் எனக்குத் தெரியாது. டாக்டரிடம் கேட்டிருக்கலாம். கடையிலேயே எல்லாம் இருக்கும்போது டாக்டர் எதற்கு என்பது அன்றைய நான். வலி கொஞ்சம் குறைந்தது. சில நாளில் அவள் தயங்கித் தயங்கி, "கறுப்பாப் போவுதுங்க" என்றாள். "அது மருந்தால. அப்படித்தான் போவும், பயப்படாத" என்றேன். தாளில் போட்டிருந்ததே, அதனால் தெரியும். அந்த வருஷம் நோன்பு கத்திரி வெயிலில் வந்தது. நோன்பு வைக்காதே என்று சொன்னேன், கேட்கவில்லை. பகலில் மருந்து சாப்பிட முடியாது என்பதால் மாத்திரையை அடியோடு நிறுத்திவிட்டாள், நான் திட்டுவேன் என்று அதையும் சொல்லவில்லை. பாதி நோன்பு போன பிறகு இன்னொரு தடவை சொன்னாள். "இப்பவும் கறுப்பாத்தாங்க போவுது. தாரு மாதிரி." நான் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். செருப்பை மாட்டிக்கொண்டே, "அதான் சொன்னேன்ல, மருந்தாலன்னு" என்றேன். ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், மருந்து சாப்பிடுகிறாயா என்று ஒரே ஒரு கேள்வி. தாரு மாதிரி போனது ரத்தம். நான் மருந்துக்கடைக்காரனாக இல்லாமல் வெறும் மீன்காரனாக இருந்திருந்தால் அன்றைக்கே பயந்துபோய் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்தில் அடுப்படியில் விழுந்தாள். வாயால் வந்தது காப்பித் தூளைக் கரைத்த மாதிரி இருந்தது. இங்கே உள்ள டாக்டர் உடனே பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். கார் வைத்துக்கொண்டு கிளம்பினோம். நண்டலாற்றுப் பாலம் தாண்டும்போது அவளுக்கு நினைவு இருந்தது. தலையை என் மடியில் வைத்திருந்தேன். வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே வந்தாள். "இந்தப் பக்கம் திரும்பு, மூச்சு முட்டப் போவுது" என்றேன். "வேணாங்க. ஒங்க மேல படப்போவுது" என்றாள். தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர். அவ்வளவு தூரமும் அப்படியே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் நீ ஓடிவந்து நின்றாய். ரத்தம் கொடுக்க உன் விடுதிப் பிள்ளைகளைக் கூட்டிவர நீ போயிருந்தபோது டாக்டர் என்னிடம் கேட்டார், எவ்வளவு நாளாகக் கறுப்பாகப் போகிறது என்று. "ஒரு மாத்திரை சாப்பிடுறா சார், அதனால" என்றேன், அங்கேயும் தெரிந்தவன் மாதிரி. அப்போது அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள், "நோன்பு தொடங்குனதுலேர்ந்து நிறுத்திட்டேன் சார்." டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருக்கலாம். அவர் திட்டாததால் அந்த வேலையை இந்த மூன்று வருஷமாக நானே செய்துகொண்டிருக்கிறேன்.

நீ ரத்தம் கொடுத்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாய். அவள் உதடு காய்ந்திருந்தது. நனைக்கலாம் என்று நர்ஸ் சொன்னதால், நீ குடித்துக்கொண்டிருந்த டம்ளரையே அவள் வாயருகில் கொண்டுபோனாய். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். "அது ஒன் டம்ளருடா. வேணாம், எடு." உன்னைப் பார்த்து அவள் கடைசியாகப் பேசியது அதுதான். மறுநாள் காலை பத்து மணிக்கு மௌத்தாகிவிட்டாள். மூன்றாம் பாத்திஹா முடிந்த அன்று நீ தங்கச்சியிடம், "கடைசியில உம்மாவுக்கு எம்மேல பாசமே விட்டுப்போச்சு" என்று சொல்லி அழுதாய். பக்கத்து அறையில் நான் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். கேட்டது. வெளியே வந்து, அப்படி இல்லையடா, உனக்கு ஒட்டிவிடக்கூடாதென்றுதான் வாயை மூடிக்கொண்டாள், அதைச் சொல்லிக்கொடுத்தது நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வேறு வாசல் வழியாக வெளியே போய்விட்டேன். இப்போது சொல்கிறேன். அவளுக்கு உன்மேல் பாசம் ஒரு பொட்டும் குறையவில்லை. அந்தப் பாசத்தில்தான் ஒரு வாய் தண்ணீரைக்கூட வேண்டாம் என்றாள். என்னை மன்னிக்க முடிந்தால் மன்னித்துக்கொள். முடியாவிட்டால் அதையும் எழுது. ஆனால் அவளைத் தப்பாக நினைத்துக்கொண்டிருக்காதே.

உன் கடிதம் வந்த அன்று கடையில் மேசை இழுப்பறை முழுக்கத் துழாவினேன். அந்த விளம்பரத் தாள் கிடைத்தது. முதல் தடவையாகப் பின்பக்கம் திருப்பிப் படித்தேன். நோய் எதுவும் இல்லாத பலருடைய வயிற்றிலும் இந்தக் கிருமி காணப்படுகிறது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. யாரிடமிருந்து யாரைக் காப்பாற்ற அந்தத் தட்டை வாங்கினேன் நான்? என் வயிற்றில் இருந்தது, உன் வயிற்றில் இருந்தது, தெரு முழுக்க இருந்திருக்கும். அவளிடமிருந்து நமக்கு வந்ததா, அவள் மருமகளாக வந்து உட்கார்ந்த நம் வீட்டுச் சஹனிலிருந்து அவளுக்குப் போனதா, இல்லை அவள் பிறந்த வீட்டிலேயே வந்ததா, எவராலும் சொல்ல முடியாது. பொல்லாத ரகம் அவள் பங்குக்கு வந்தது, அவ்வளவுதான். அவளாகத் தேடிக்கொண்டதில்லை. முதலில் அவள் மனசைக் குற்றம் சொன்னேன், பிறகு அவள் கையைக் குற்றம் சொன்னேன். இரண்டு தடவையும் தலையைக் குனிந்துகொண்டாள்.

இனி உன் ஐந்து வரிக்குப் பதில். பெண் வீட்டுக்கு நான் அதைச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அவர்கள் மறைத்தார்கள் என்கிறாய். நம் பக்கத்தில் கல்யாணம் பேசும்போது பெண்ணுக்கு வயிற்று வலி என்று எந்தத் தகப்பன் வாய் திறப்பான்? என் மகளுக்கு வந்தால் நானும் வாய் திறக்கமாட்டேன். அவளை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பது சரி. கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற என்னைப் போன்றவனிடம் இல்லை, முறையான டாக்டரிடம். ஆனால் உன் ரத்தத்திலும்தானே இருக்கிறது? உன்னிடமிருந்து அவளுக்குத் தனித் தட்டு வேண்டும் என்று அவள் வாப்பா எனக்கு எழுதினால் நான் என்ன பதில் சொல்லட்டும்? உன்னிடம் இருப்பது சாதுவான ரகம், அவளிடம் இருப்பது பொல்லாதது என்று உனக்கு யார் சொன்னது? நீயே எழுதியிருக்கிறாய், வெளியிலிருந்து தெரியாது என்று. விருந்தில் சஹன் வேண்டாம் என்றால் உன் விருப்பம். வந்தவர்கள் எல்லோருக்கும் இலை போடு, நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன், சொல்கிறவர்களுக்கும் நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்திருக்க, அவள் ஒருத்திக்கு மட்டும் தனித் தட்டு என்றால் அந்தக் கல்யாணத்துக்கு உன் வாப்பா வரமாட்டான். தேதியும் தள்ளிப்போகாது.

அந்த நீலக் கரைத் தட்டு எங்கே என்று ஒரு விடுப்பில் தங்கச்சியிடம் கேட்டாயாம். என்னிடம்தான் இருக்கிறது. நீ ஊரில் இல்லாத நாளெல்லாம் அதில்தான் சாப்பிடுகிறேன். ஓரத்தில் ஒரு இடத்தில் எனாமல் பெயர்ந்திருக்கிறது, வெந்நீரில் கழுவிக் கழுவிப் பெயர்ந்தது. அது உனக்கு வேண்டாம். நான் போன பிறகு தூக்கிப் போட்டுவிடு.

நிக்காஹ் முடிந்ததும் உன்னைப் பெண் வீட்டு அறைக்குள் கூட்டிப்போய் அவள் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். ஒரே டம்ளரில் பால் கொண்டுவருவார்கள். மாப்பிள்ளை முதலில் குடித்துவிட்டு மிச்சத்தைப் பெண்ணுக்குக் கொடுப்பதுதான் வழக்கம். என் கல்யாணத்திலும் அப்படித்தான், நான் குடித்த மிச்சத்தை உன் உம்மா கண்ணை மூடிக்கொண்டு ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். நீ அதை மாற்றிச் செய். டம்ளரை அவள் கையில் கொடுத்து, முதலில் அவளைக் குடிக்கச் சொல். சுற்றி நிற்கிற பெண்கள் சிரிப்பார்கள், மாப்பிள்ளைக்கு முறை தெரியவில்லை என்பார்கள். சொல்லட்டும். மறுநாள் இரண்டு பேரும் ஒன்றாக டாக்டரிடம் போங்கள், இரண்டு பேரும் ஒன்றாக மருந்து சாப்பிடுங்கள். ஆனால் அன்றைக்கு, எல்லோரும் பார்க்க, அவள் குடித்த மிச்சத்தை வாங்கி, அவள் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்துக் குடி.

உன் வாப்பா